ரப்பர் படகும் சின்ன இன்ஜினும்: மலைமேல் குடும்பத்தோடு படகு விட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காற்றடைக்கும் படகு வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை எச்பி இன்ஜின் போடலாம்?" என்றுதான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. யாருடைய தண்ணீர், படகில் ஏறுவது எத்தனை கிலோ, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் இன்ஜின் பேச்சு. அந்த வரிசையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம்.

சொந்தமா ஒரு படகு வாங்கினா ஊட்டி ஏரியில இறக்க விடுவாங்களா?

நினைத்தபடி இறக்க முடியாது. ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் ஓடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லப் படகுகள். கொடைக்கானல் ஏரியிலும் படகு இல்லங்களும் கிளப்பும் விடும் படகுகள்தான். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து எல்லாம் மின் உற்பத்திக்கான அணைகள். சுற்றியிருப்பது வனத்துறை நிலம். பேரிஜம் ஏரிக்குப் போய் வரவே வனத்துறை அனுமதி வேண்டும். ஆள் இல்லாத கரையாகப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மின் அணைகளில் நீர்மட்டம் சொல்லாமல் ஏறும், இறங்கும். மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்கு ஓரடி கீழே நிற்கும்.

மிச்சம் இருப்பது தோட்டங்களுக்குள் இருக்கும் தனியார் ஏரி, பண்ணைக் குட்டை, அப்புறம் அனுமதி கிடைக்கும் சமவெளி நீர்நிலைகள். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்தத் தண்ணீர் கீழே லைன் வீடுகளுக்குக் குடிக்கப் போகிறதா என்றும் கேளுங்கள். போகிறது என்றால் பெட்ரோல் இன்ஜினை மறந்துவிடுங்கள். துடுப்பு, இல்லையென்றால் பேட்டரி மோட்டார். இதெல்லாம் முடிவான பிறகு படகு வாங்கினால் போதும். அவசரமே இல்லை.

சின்னப் படகுதானே சார், இதுக்கெல்லாம் பதிவு, லைசென்ஸ் வேணுமா?

1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குச் சோதனையும் பதிவும் வேண்டும் என்கிறது. பேட்டரி மோட்டார் என்பதால் விதிவிலக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நீர்நிலைக்கு எது பொருந்தும் என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு, பதிலைக் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்ல கலர் கலரா, துடுப்போட ஒரு படகு வருதே, அது போதாதா?

கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகள் விளையாட அது சரி. குடும்பத்தோடு நடு ஏரிக்குப் போக அது படகு இல்லை. அவற்றில் தாள் 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும், நடுவில் துணி இருக்காது. நாம் தேடுவது இரண்டு பிவிசி படலங்களுக்கு நடுவே பாலியெஸ்டர் துணி வைத்து ஒட்டிய 0.9 மில்லிமீட்டர் தாள். டியூபில் குறைந்தது மூன்று தனித்தனி காற்றறைகள் வேண்டும். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்.

பின்பக்கத்தைப் பாருங்கள். இன்ஜின் மாட்டும் பலகைக்கு டிரான்சம் என்று பெயர். அது கெட்டியான ஒட்டுப்பலகையாக, டியூபோடு பட்டையாக ஒட்டப்பட்டு இருக்க வேண்டும். அதன் உள்பக்கமோ பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும்: எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை எச்பி. காற்றடைக்கும் படகுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6185 என்றும் போட்டிருந்தால் நல்லது. தகடே இல்லாத படகை விலை எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

நாங்க நாலு பேர், ரெண்டு சின்னப் பசங்க. எத்தனை அடிப் படகு?

ஆள் கணக்கை விட்டு எடைக் கணக்குப் போடுங்கள். பெரியவர்கள் 70, 60. பிள்ளைகள் 30, 20. ஆக 180 கிலோ. 5 எச்பி இன்ஜின் 26, டாங்க்கோடு 12 லிட்டர் பெட்ரோல் 11, நங்கூரம் கயிறு 5, தண்ணீர் சாப்பாடு 5. மொத்தம் 227. தகட்டில் உள்ள எடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 300 கிலோவுக்கு மேல் தாங்கும் படகு வேண்டும். 2.7 மீட்டர், அதாவது 9 அடிப் படகுகள் பெரும்பாலும் இந்த எடையைத் தாங்கும். ஆனால் நாலு பேருக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. 3 மீட்டருக்கு மேல், 3.2 வரை எடுப்பது நல்லது.

அதற்கும் பெரிது வேண்டாம். 3.2 மீட்டர் படகே தரையின் வகையைப் பொறுத்து 40 முதல் 60 கிலோ இருக்கும். அதைத் தேயிலைச் சரிவில் கரைவரை தூக்கிப்போவது நீங்களும் இன்னொருவரும்தான்.

தரை மூணு வகை சொல்றாங்க. எது நமக்கு?

மரச்சட்டத் தரை இலேசானது, மலிவு. ஆனால் நிற்கும்போது தொட்டில் மாதிரி ஆடும். அலுமினியம் அல்லது ஒட்டுப்பலகைத் தரை உறுதி, ஆனால் மாட்டக் கால் மணி நேரம் போகும், விரலும் நசுங்கும். காற்றுத் தரை என்பது இரண்டு படலங்களை ஆயிரக்கணக்கான நூல்களால் இழுத்துத் தைத்தது. 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை அடித்தால் பலகை போல நிற்கும், சுருட்டினால் கார் டிக்கியில் அடங்கும். குழந்தைகள் முட்டி போட்டு உட்கார இதமாகவும் இருக்கும். தொடக்கக் குடும்பத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். மீன் தூண்டில் முள் வைத்திருப்பவர்கள் மேலே ஒரு ரப்பர் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலா, பேட்டரியா?

ஏரி சின்னது, ஓட்டம் இரண்டு மூன்று மணி நேரம் என்றால் பேட்டரி. மலைமேல் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100-க்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 எச்பி என்று வாங்கியது 4 எச்பியாகத்தான் இழுக்கும். மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் எப்படியோ, மேலேயும் அப்படியே.

கார்புரேட்டர் இன்ஜினில் சக்தி குறைவதோடு, மெலிந்த காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிக் கலவையும் கெடும். ஐடிலில் திணறும், கரும்புகை தள்ளும், பிளக் முனை கரி பிடித்து ஈரமாக இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். உயரமான இடத்துக்கான சின்ன ஜெட் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஜெட் மாற்றினால் கலவை சரியாகும், போன சக்தி திரும்பாது. அதை ஓரளவு ஈடுகட்ட, பிட்ச் (தண்ணீரைத் தள்ளும் விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த விசிறி போட்டால் இன்ஜின் முழு ஆர்பிஎம்முக்கு ஏறும். அதே இன்ஜினைச் சமவெளியில் ஓட்டப்போனால் ஜெட்டைத் திருப்பி மாற்றியே ஆக வேண்டும். சின்ன ஜெட்டோடு கீழே ஓட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

சரி, பெட்ரோல்னே வெச்சுக்குவோம். அதிக எச்பி போட்டா நல்லதுதானே?

இல்லை. 3 மீட்டர் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்வரை, எந்த இன்ஜின் போட்டாலும் 7, 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எளிதில் போகாது. 3.5 எச்பி அந்த வேகத்தைத் தந்துவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்க வேண்டும். நாலு பேரோடு இந்த உயரத்தில் அதற்கு 15 எச்பியாவது வேண்டும். அத்தனை எச்பியை 3 மீட்டர் படகின் தகடு பெரும்பாலும் அனுமதிக்காது. இடையில் 6, 8 போடுவது மூக்கைத் தூக்கிக்கொண்டு பெட்ரோலைக் குடிப்பதற்குத்தான். முதல் படகுக்கு 3.5 முதல் 5 போதும். 5 எச்பியை முழுதாகத் திருகினால் மணிக்கு 2 லிட்டர் பக்கம் குடிக்கும். பாதியில் ஓட்டினால் அதில் பாதிகூட ஆகாது.

பேட்டரி மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும்ணே?

இவற்றுக்கு எச்பி சொல்ல மாட்டார்கள், தள்ளுவிசையைப் பவுண்டில் சொல்வார்கள். நம் அளவுக்கு 12 வோல்ட், 55 பவுண்டு மோட்டார் சரி. முழு வேகத்தில் அது 50 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் ஒன்றரை மணி நேரம். பாதி வேகத்தில் 15 முதல் 20 ஆம்ப், நாலு மணி நேரம் தாராளம். அதே 100 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம், எடையும் 28 கிலோ பக்கம். லித்தியம் 12 கிலோ. அந்த 16 கிலோ வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு குழந்தை.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்ப் டிசி பிரேக்கர், 16 சதுர மில்லிமீட்டர் கேபிள். வீட்டு வயரை வைத்து ஓட்டினால் உருகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வெளிக் கொட்டகையில் வைத்து விடியற்காலை சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல் நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, தொட்டால் சில்லென்று இல்லாத நிலைக்கு வந்த பிறகு போடுங்கள்.

ஷார்ட் ஷாஃப்ட், லாங் ஷாஃப்ட்ங்கறாங்களே?

ஷாஃப்ட் என்பது இன்ஜினிலிருந்து விசிறிவரை இறங்கும் தண்டு. எந்த நீளம் என்று தெரிய டிரான்சத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். 15 அங்குலம், 38 சென்டிமீட்டர் என்றால் ஷார்ட். 20 என்றால் லாங். சின்ன ரப்பர் படகுகள் பெரும்பாலும் ஷார்ட். மாட்டிய பிறகு, விசிறிக்கு மேல் இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் விசிறி காற்றைப் பிடித்துச் சும்மா சுற்றும்.

2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு வண்டிக்கு ஊத்தற 2டி ஆயிலே ஊத்தலாமா?

கூடாது. பைக் ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. இங்கே டின்னில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட ஆயில் வேண்டும். வழக்கமான 50:1 கலவைக்கு லிட்டருக்கு 20 மில்லி. புது இன்ஜினின் முதல் 10 மணி நேரத்துக்குப் பல கையேடுகள் 25:1, அதாவது 40 மில்லி சொல்கின்றன. உங்கள் கையேட்டைப் பாருங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் மலை ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஓட்டம் முடிந்ததும் கார்புரேட்டரை வடித்துவிட்டு மூடுங்கள்.

4 ஸ்ட்ரோக் வாங்கினால் ஆயில் தனி, கலக்க வேண்டியதில்லை. ஆனால் காரில் கையேடு சொல்லும் பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும். மறுபக்கம் சாய்த்துக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

மேட்டுப்பாளையத்துல பெட்ரோல் பங்க்ல காத்தடிச்சு, கேரியர்ல கட்டி மேல கொண்டு வந்துடலாமா?

இதை மட்டும் செய்யாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் வெளிக்காற்றின் அழுத்த வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ. டியூபுக்கு அடிக்கச் சொல்லும் மொத்த அளவே 3 பிஎஸ்ஐ பக்கம்தான். கீழே 3 அடித்த டியூப், மேலே வரும்போது குளிரால் கொஞ்சம் குறைந்தும் 5-ஐத் தொட்டுவிடும். தையல் பிரிவது இப்படித்தான், அதிலும் டிரான்சம் ஒட்டிய மூலையில். மேலிருந்து கீழே கொண்டுபோனால் நேர்மாறு: டியூப் துவண்டு தொங்கும். எந்தப் பக்கம் போனாலும் சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும், கரையில் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

பங்க் கம்ப்ரசரும் வேண்டாம். படகோடு வரும் கால்பம்பு, ஓர் அழுத்தமானி, இவ்வளவுதான். முதலில் வால்வைப் பாருங்கள். நடுவில் உள்ள சின்ன முள்ளை அழுத்தித் திருகினால் உள்ளே தங்கும்; அப்போது வால்வு திறந்திருக்கிறது, காற்று வெளியேறும். இன்னொரு முறை அழுத்தித் திருகினால் முள் மேலே எழும்பி நிற்கும். இனி காற்று உள்ளே மட்டும்தான் போகும். முள்ளைப் பார்க்காமல் அடித்துவிட்டுக் குழாயை எடுத்தால் அடித்தது அத்தனையும் புஸ்ஸென்று போகும். அறைகளை முதலில் பாதி பாதியாக நிரப்பி, பிறகு தரை, பிறகு முழு அழுத்தம், கடைசியில் அடிக்கீல், அதாவது தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழல்.

கரையில கும்முனு இருந்துச்சு, தண்ணியில விட்டதும் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஓட்டையா?

பெரும்பாலும் இல்லை. 28 டிகிரி காற்றில் அடித்த 3 பிஎஸ்ஐ டியூப், 15 டிகிரித் தண்ணீரில் குளிர்ந்தால் அரை பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி அளந்து அடியுங்கள். மதியம் வெயிலில் கரையில் ஏற்றி வைக்கும்போது மறக்காமல் கொஞ்சம் காற்றை விடுங்கள்.

ஓட்டை என்று சந்தேகம் இருந்தால் ஒரு நாள் விட்டு, அதே நேரத்தில், அதே வெப்பத்தில் அளந்து பாருங்கள். சோப்பு நுரையை வால்வைச் சுற்றியும் தையலிலும் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒரே புள்ளியிலிருந்து வரிசையாகக் கிளம்பும்.

எங்க வீட்ல எல்லாருக்கும் நீச்சல் தெரியும். அப்பவும் லைஃப் ஜாக்கெட்டா?

ஆமாம், எல்லோருக்கும், கரையை விட்டுக் கிளம்பும் முன்பே. கிணற்றில் நீந்திப் பழகியவருக்கும் மலைத் தண்ணீர் புதிது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அந்த இழுப்பில் வாய்க்குள் தண்ணீர் போய்விடும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் விரல் மரத்துக் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது.

பிள்ளைகளுக்கு 100 நியூட்டன் மிதப்பு விசை உள்ளதாக, கழுத்துப்பட்டையோடு, கால்களுக்கு இடையே போகும் வாரோடு வாங்குங்கள். போட்டுவிட்டு, கையை மேலே தூக்கச் சொல்லித் தோள் வாரைப் பிடித்து உயர்த்திப் பாருங்கள். மோவாய் ஜாக்கெட்டுக்குள் போனால் அது பெரிய சைஸ். 'வளர்ந்துடுவான்' என்று பெரிதாக வாங்கும் பழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்ன பழகணும்?

தண்ணீரில் விழுந்தவரை ஏற்றுவது. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பெரியவர்கள் மட்டும் செய்து பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். பின்பக்கம் விசிறி இருப்பதால் பக்கவாட்டில்தான் ஏற்ற வேண்டும். வளையமாக முடிந்த கயிறு ஒன்றைப் படகில் கட்டித் தொங்கவிட்டால், காலை அதில் வைத்து மிதித்து ஏறலாம். அது இல்லாமல் வழுக்கும் டியூபில் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். இதன் பிறகு துடுப்பில் மட்டும் ஒரு சுற்று. மூன்றாவதாகத்தான் இன்ஜின்.

இன்ஜினை ஓட்டுபவர் சிவப்பு வாரைக் கையிலோ காலிலோ மாட்டியே ஆக வேண்டும். அவர் விழுந்தால் வார் கிளிப்பை இழுத்து இன்ஜினை நிறுத்தும். பிள்ளைகள் தரையில் உட்காரட்டும். முன் டியூபில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடக் கூடாது. ஒரு குலுக்கலில் நேராகப் படகுக்கு அடியில் போய்விடுவார்கள்.

ஸ்டார்ட் ஆச்சு, அஞ்சு நிமிஷம் ஓடிட்டு நடுவுல நின்னுடுச்சு. என்னவா இருக்கும்?

முதலில் டாங்க் மூடியின் மேல் இருக்கும் சின்னக் காற்றுத் திருகைத் தொட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. புதியவர்களுக்குப் பாதி நேரம் இதுதான். அடுத்தது பெட்ரோல் குழாயின் திருகு, அதற்கடுத்து சிவப்பு வாரின் கிளிப். இன்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை என்றால் விசிறியில் பாசியோ ஆகாயத்தாமரையோ சுற்றியிருக்கும், அல்லது எதையாவது தட்டி, விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஊசியான ஷியர் பின் முறிந்திருக்கும். மாற்றுப் பின் இரண்டும் ஒரு குறடும் படகிலேயே இருக்கட்டும். பின்னால் பீய்ச்சும் குளிர்நீர்த் தாரை நின்றுபோனால் உடனே இன்ஜினை அணையுங்கள். உறிஞ்சும் துளையைக் களை அடைத்திருக்கும்.

கரையேறியதும் களையெல்லாம் பிடுங்கி, படகைக் காயவிட்டுத்தான் அடுத்த தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு போதும், ஒரு நல்ல ஏரி பாழாக.

ஜூன் மாசத்துல லீவு இருக்கு. அப்ப போகலாமா?

நீலகிரியின் மேற்குப் பக்கம் என்றால் வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை இல்லாவிட்டாலும் அந்த மாதங்களின் மேற்குக் காற்று ரப்பர் படகைக் காகிதம் போலத் தள்ளும். ஏப்ரல், மே பிற்பகல்களில் இடி உண்டு. இடிச்சத்தம் கேட்டாலே கரை. ஜனவரி முதல் மார்ச் வரை காலை எட்டரைக்கு மேல் தொடங்கினால் நல்ல தண்ணீர்.

எதிர்க்கரை மரங்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சாம்பல் பட்டையாகிவிட்டால் மூடுபனி வருகிறது, திரும்புங்கள். மாலை நாலரைக்குள் படகைச் சுருட்டிவிடுங்கள். அதற்கு மேல் அந்தத் தண்ணீர் காட்டெருமைகளுக்கானது. கரைச் சேற்றில் பிளவுபட்ட பெரிய குளம்படி புதிதாகத் தெரிந்தால் காலையிலும் வேறு இடம் பாருங்கள்.

பஞ்சர் ஒட்டினா ரெண்டு நாள்ல பிரிஞ்சு வந்துடுது. பசை சரியில்லையா?

பசையைவிட நாள்தான் சரியில்லை. பிவிசி படகுக்கான இரண்டு பாகப் பாலியூரித்தேன் பசைக்கு 18 டிகிரிக்கு மேல் வெப்பமும் உலர்ந்த காற்றும் வேண்டும். சாரல் அடிக்கும் நாளில் பசை மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படிந்துவிடும். மழைக்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் ஒட்டுங்கள், இல்லையென்றால் கோயம்புத்தூருக்கோ திண்டுக்கல்லுக்கோ கொண்டுபோய் ஒட்டுங்கள்.

ஒட்டுத்துண்டை வட்டமாக, கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் வருமாறு வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து உரியத் தொடங்கும். காற்றில்லாத டியூபில், இரு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. ஒவ்வொரு பூச்சுக்கும் பத்து நிமிடம். விரலில் ஒட்டாமல் பிசுக்கென்று இருக்கும் பதம் வர வேண்டும். முடி உலர்த்தும் டிரையரால் இலேசாகச் சூடுகாட்டி, நடுவிலிருந்து வெளியே கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். 24 மணி நேரத்துக்குக் காற்றடிக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, பாக்கலாமா?

படகைக் காற்றடித்து ஒரு ராத்திரி வைக்கச் சம்மதித்தால் போய்ப் பாருங்கள். டிரான்சம் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பாருங்கள், பட்டை எழும்பக் கூடாது. பலகையைத் தட்டினால் மொத்தென்று கேட்கக் கூடாது. கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. இன்ஜினில் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு விடுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீல் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.